சஹாரா நகர்கிறதா, மரச்சுவர் அதைத் தடுக்குமா?

"சஹாரா வருடத்துக்கு 48 கிலோமீட்டர் தெற்கே நகர்கிறது என்று பள்ளியில் படித்தேன். அதைத் தடுக்க ஆப்பிரிக்காவின் குறுக்கே மரச்சுவர் எழுப்புகிறார்களாம், வீடியோ வருகிறது, கூடவே ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று நன்கொடை கேட்டு விளம்பரமும் வருகிறது. இதெல்லாம் உண்மையா, பணம் அனுப்பலாமா?" இதுதான் கேள்வி. கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 48-ஐ முடித்துவிடலாம். வருடம் 48 என்றால் ஐம்பது வருடத்தில் 2400 கிலோமீட்டர். சஹாராவின் தெற்கு விளிம்பிலிருந்து கினி வளைகுடாக் கரை வரைக்கும் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான் இருக்கும். கணக்குப்படி அந்தக் கரையில் இருக்கும் நைஜீரியாவின் லாகோஸ் நகரம் எப்போதோ மணலுக்குள் போயிருக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் தண்ணீர் தேங்குவதுதான் செய்தியாகிறது.

பாலைவனம் படையெடுத்து வருகிறது என்ற இந்தப் பேச்சுக்கு வயது அதிகம். இந்திய வனத்துறையில் வேலை பார்த்த ஸ்டெபிங் என்ற ஆங்கிலேயர் மேற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சஹாரா முன்னேறி வருகிறது என்று 1935-இல் எழுதினார். அவர் போனது மழையில்லாத மாதங்களில். சாஹேல் என்கிற பகுதி, அதாவது சஹாராவுக்குத் தெற்கே செனகல் தொடங்கி சூடான் வரை நீளும் அரை வறண்ட பட்டை, வருடத்துக்கு மூன்று நான்கு மாதம்தான் மழை பார்க்கும். மிச்ச மாதங்களில் போகிறவர் கண்ணுக்கு எல்லாமே செத்துப்போன மாதிரிதான் தெரியும். அடுத்த ஓரிரு வருடங்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து நைஜீரியா, நைஜர் எல்லையில் போய்ப் பார்த்தார்கள், அப்படி எதுவும் நகர்ந்ததாகத் தெரியவில்லை என்று அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு 1975-இல் லாம்ப்ரே என்பவர் சூடானில் ஆய்வு செய்து, 17 வருடத்தில் 90 முதல் 100 கிலோமீட்டர் வரை பாலை தெற்கே இறங்கியிருக்கிறது என்றார். அது கடுமையான பஞ்சம் முடிந்திருந்த சமயம். இரண்டே இரண்டு வருடங்களை எடுத்து, ஒன்று நல்ல மழைக்காலம், இன்னொன்று பஞ்ச காலம் என்று ஒப்பிட்டு நடுவில் கோடு போட்டால் எந்தப் பாலைவனமும் நகரத்தான் செய்யும்.

செயற்கைக்கோள் வந்த பிறகு படம் தெளிவானது. நாசாவின் காம்ப்டன் டக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1980-இலிருந்து 1990 வரை வருடா வருடம் சஹாராவின் பசுமை விளிம்பை அளந்து 1991-இல் வெளியிட்டார்கள். 1980-இல் சுமார் 86 லட்சம் சதுர கிலோமீட்டராக இருந்த சஹாரா, கொடும் பஞ்சம் அடித்த 1984-இல் கிட்டத்தட்ட ஒரு கோடியைத் தொட்டது. அந்த நான்கு வருடத்தில் தெற்கு விளிம்பு 240 கிலோமீட்டர் கீழே இறங்கியிருந்தது. சரி, அப்படியானால் நகர்கிறதுதானே என்றால், 1985-இல் மழை கொஞ்சம் தலைகாட்டியதும் அதே விளிம்பு ஒரே வருடத்தில் 110 கிலோமீட்டர் வடக்கே திரும்பிப் போய்விட்டது. மழை வந்தால் ஏறும், பொய்த்தால் இறங்கும். இதில் 'வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்' என்று ஒரு எண்ணைப் பிடிக்கவே முடியாது.

அதற்காக அசையாமல் கிடக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் நடாலி தாமஸ், சுமந்த் நிகம் இருவரும் 1920-இலிருந்து மழைப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, சஹாரா சுமார் 10 சதவீதம் பெருத்திருக்கிறது என்று 2018-இல் சொன்னார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மனிதன் செய்த பருவநிலை மாற்றத்தால், மீதி கடல் வெப்பத்தின் இயற்கையான ஏற்ற இறக்கத்தால் என்பது அவர்கள் கணிப்பு. ஆக, நூறு வருடக் கணக்கில் விரிவு உண்மை. பள்ளியில் படித்த அந்த 48 என்ற எண் வெறும் கதை.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பாலைவனம் வேறு, நிலம் பாலையாவது வேறு. பலரும் குழப்பிக்கொள்வது இங்கேதான். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடாகி மேலே ஏறும் காற்று, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் 30 டிகிரி அட்சரேகை பக்கம் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் உருவாகாது. சஹாரா, அரேபியா, தெற்கே கலஹாரி, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதி எல்லாம் கிட்டத்தட்ட அந்த வரிசையில் கிடப்பதற்கு அதுதான் காரணம், யாரும் ஆடு மேய்த்து உண்டாக்கியதல்ல. தென் அமெரிக்காவின் அட்டகாமா, ஆப்பிரிக்காவின் தென்மேற்கே நமீப் பாலைவனங்கள் இரண்டுக்கும் கரையோரக் குளிர்ந்த நீரோட்டமும் சேர்ந்துகொண்டது.

சஹாரா என்றதும் மணல்மேடு நினைவுக்கு வரும், ஆனால் அங்கே பெரும்பகுதி சரளைக்கல் பரப்பும் பாறை மேடும்தான், மணல் சுமார் கால்வாசி. அதற்குள் உயிர் இருக்கும் விதமே தனி. நைஜர் நாட்டில் தெனெரே என்ற பகுதியில் சுற்றுவட்டாரத்தில் வேறு மரமே இல்லாத இடத்தில் ஒற்றை வேலமரம் ஒன்று நின்றது, ஒட்டகக் கூட்டங்களுக்கு அதுதான் வழி அடையாளம். 1930-களின் கடைசியில் பக்கத்தில் கிணறு தோண்டியபோது அதன் வேர் முப்பது மீட்டருக்கும் கீழே தண்ணீரைத் தொட்டிருந்தது தெரிந்தது. 1973-இல் ஒரு லாரி மோதி அது விழுந்தது. அத்தனை பரந்த வெளியில் மோதுவதற்கு வேறு ஒன்றுமே இல்லாத இடத்தில். மிச்சக் கட்டையைத் தலைநகர் நியாமேயின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பாலைவனத்தை 'சரிசெய்ய' ஒன்றும் இல்லை. சாட் நாட்டின் பொதெலே பள்ளத்தாக்கு, ஒரு காலத்தில் பெரிய ஏரியின் அடித்தளம், அங்கிருந்து கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசான் காட்டுக்குப் பாஸ்பரஸ் உரம் கொண்டுபோகிறது. சஹாராவே சுமார் 11,000 வருடங்களுக்கு முன்பிருந்து 5,000 வருடங்களுக்கு முன்பு வரை புல்வெளியும் ஏரியுமாக இருந்த நிலம். அல்ஜீரியாவின் தஸ்ஸிலி பாறைகளில் மாட்டு மந்தையை வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்போது பூமியின் அச்சு ஆடும் சுழற்சியால் வடக்கே கோடை வெயில் கூடுதலாக விழுந்து பருவமழை உள்ளே வரை ஏறியது. அது ஆயிரக்கணக்கான வருடக் கணக்கு.

நிலம் பாலையாவது நடப்பது பாலைவனத்துக்கு வெளியே. 1994-இல் உருவான ஐ.நா. உடன்படிக்கையே, வறண்ட, அரை வறண்ட, ஓரளவு ஈரமுள்ள நிலங்கள் பருவநிலையின் ஏற்ற இறக்கத்தாலும் மனிதர் செயலாலும் வளம் கெடுவது என்றுதான் அதை வரையறுக்கிறது. மணல் வந்து மூட வேண்டும் என்று எங்கும் இல்லை. பாலைவனத்திலிருந்து நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி, வருடம் 400, 500 மில்லிமீட்டர் மழை பெய்து கம்பும் சோளமும் விளையும் ஊரில், தேமல் மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாக மண் வெளுக்கும், ஒரு திட்டு இன்னொன்றோடு சேரும். (நாம் குடிக்கும் கூழுக்கான கம்பு முதலில் பயிரானதே அந்தப் பக்கத்தில்தான், நம் ஊருக்கு அப்புறம் வந்தது.)

அந்தத் திட்டு எப்படி உண்டாகிறது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் மரச்சுவர் ஏன் பதில் இல்லை என்று புரியும். தரிசு விடும் வருடங்கள் குறைகின்றன, மரமும் புதரும் விறகுக்குப் போகின்றன, அறுவடைத் தாள் மாட்டுக்குப் போகிறது, மண் அம்மணமாக நிற்கிறது. முதல் மழை சாஹேலில் தூறலாக வராது, கொட்டும். பெரிய துளி நேராக மண்ணில் மோதி மேல் மண்ணை உடைக்கிறது, அதில் கிளம்பும் நுண்ணிய களிமண் துகள் மண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்கிறது, வெயில் பட்டதும் சில மில்லிமீட்டர் தடிமனில் ஓடு கட்டிவிடுகிறது. அவ்வளவுதான், அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்து ஓடிவிடும், விதை விழுந்தால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும், தப்பித் தங்கி முளைத்தாலும் அந்த மண் ஓட்டைத் துளைக்க முடியாமல் சாகும். 500 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் பயிருக்கு அதில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. மழை குறையாமலே பஞ்சம் வந்துவிடுகிறது. இதே விதமாக, ஆழ்துளைக் கிணறுகள் போட்ட இடங்களிலும் ஒரு கூத்து நடந்தது: தண்ணீர் கிடைக்கிறதே என்று மந்தைகள் எல்லாம் அதைச் சுற்றியே குவிந்தன, சுற்றுவட்டாரப் புல் மொத்தமும் போனது, 1970-களின் ஆரம்பப் பஞ்சத்தில் ஏராளமான மாடுகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே பசியால் செத்தன.

ஆனால் எல்லாப் பழியையும் ஆடு மேய்ப்பவன் தலையில் கட்டுவது அநியாயம். 1968 தொடங்கி எண்பதுகள் வரை இழுத்த அந்தப் பெரும் பஞ்சத்துக்கு, அதிகமாக மேய்த்து நிலத்தை வெளுக்க வைத்ததால்தான் மழை குறைந்தது என்று ஜூல் சார்னி என்ற வானிலை விஞ்ஞானி 1975-இல் ஒரு கருத்தை வைத்தார், நிலம் வெளுத்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், காற்று மேலேறாது, மழை வராது என்று. கேட்க நன்றாக இருந்ததால் நெடுநாள் அதுவே ஓடியது. 2003-இல் அலெசாண்ட்ரா ஜியன்னினி, ஆர். சரவணன், பிங் சாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் கடலின் வெப்பநிலையை மட்டும் உண்மையான பதிவுப்படி கொடுத்துப் பார்த்தார்கள், சாஹேல் பஞ்சம் அப்படியே வந்தது. முக்கியக் காரணம் கடல், நிலம் அதைக் கொஞ்சம் கூட்டிக்கொடுத்தது. பிறகு வந்த ஆய்வுகள், ஐரோப்பா, வட அமெரிக்காவின் தொழிற்சாலைக் கந்தகப் புகை வட அட்லாண்டிக்கைக் குளிரவைத்ததற்கும் இதில் பங்கு உண்டு என்றன. எங்கேயோ ஆலை ஓட்டியவனை விட்டுவிட்டு ஊர்க்காரன் வளர்த்த நாலு ஆட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தோம்.

சரி, ஓடு கட்டிய மண்ணை என்ன செய்வது? புர்கினா ஃபாசோவின் வடக்கே யாதெங்கா பகுதியில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி எண்பதுகளில் செய்தது, ஊரில் ஏற்கெனவே இருந்த 'ஸாய்' என்ற குழி முறையைக் கொஞ்சம் மாற்றியதுதான். ஒரு சாண், ஒன்றரைச் சாண் அகலத்தில் குழி, ஆழம் 10 முதல் 20 சென்டிமீட்டர், தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி அணைப்பது, குழிக்குள் இரண்டு கை எருவும் சருகும். இதை மழைக்கு முன்னால், வறண்ட மாதங்களிலேயே செய்ய வேண்டும், அதற்காகவே ஊரில் அவரைக் கிறுக்கன் என்றார்கள். எருவைத் தேடிக் கரையான் வரும். நம் ஊரில் கரையான் என்றால் மருந்து அடிப்போம். அங்கே அது ஓடு கட்டிய மண்ணைக் கீழிருந்து மேலாகத் துளைத்துக் குழல் குழலாக வழி போட்டுக் கொடுக்கிறது, மழை விழுந்ததும் தண்ணீர் அந்த வழியாக நேராக உள்ளே போகிறது. முதல் மழை தள்ளிப்போனாலும் குழிக்குள் ஈரம் நிற்பதால் கம்பு தாக்குப்பிடிக்கும். எருவோடு வந்த மர விதைகளும் முளைத்தன, அவர் அதைப் பிடுங்காமல் விட்டார், காடானது. யாரோ அதற்குத் தீ வைத்தார்கள், திரும்பவும் வளர்த்தார். 2018-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது, 2023 கடைசியில் காலமானார். நடுவில் அவர் வளர்த்த காட்டின் ஒரு பகுதியே நகர விரிவாக்கத்தில் மனையாகப் பிரிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதில் வேலை பெண்டு நிமிர்த்தும், ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் குழி, ஒரே ஆள் என்றால் முந்நூறு மணி நேரத்துக்கும் மேல். அதோடு சரிவின் குறுக்கே சம உயரத்தில் கல் வரிசை அடுக்குவார்கள், ஓடும் தண்ணீர் வேகம் குறைந்து வண்டலை விட்டுப் போவதற்கு. சம உயரம் கண்டுபிடிக்க என்ன கருவி தெரியுமா? நம் கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் அதே தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டியூப். அதுவரை கண்ணால் பார்த்து அடுக்கிய வரிசைகளில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சேர்ந்து அரித்துக்கொண்டு போகும், டியூப் வந்ததும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டு சரியாகப் போட்டார்கள்.

அடுத்தது நைஜர், எனக்கு இந்த மொத்த விஷயத்திலும் மிக முக்கியமாகப் படுவது இதுதான். டோனி ரினாவ்டோ என்ற ஆஸ்திரேலியர் எண்பதுகளின் ஆரம்பத்தில் மராடி பகுதியில் மரம் நடும் திட்டத்தில் இருந்தார், நட்டது பெரும்பாலும் செத்தது. 1983 வாக்கில் ஒரு நாள் மணல் பாதையில் வண்டி டயரின் காற்றை இறக்க நிறுத்தியவர், பக்கத்தில் இருந்த புதரின் இலையை உற்றுப் பார்க்கிறார், அது புதர் இல்லை, வெட்டப்பட்ட மரத்தின் தூரிலிருந்து அடித்த துளிர். வயல் முழுக்க அப்படித்தான் கிடந்தது, வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் துளிர்க்கிறது, விதைப்புக்கு முன் விவசாயி அதை வெட்டி எறிகிறார். புதிதாக நட வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு தூரிலும் நல்ல தண்டாக நாலைந்தை விட்டு மற்றதைக் கழித்து, பக்கக் கிளைகளைக் கவாத்து செய்து, ஆடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதை விவசாயி ஏன் முன்பே செய்யவில்லை? அவருக்கு மரம் பற்றித் தெரியாததால் இல்லை. பிரெஞ்சுக் காலனிக் காலத்துச் சட்டப்படி மரம் அரசுடையது. தன் வயலில் தானாக வளர்ந்த மரத்தின் கிளையை வெட்டினால் வனக்காவலர் அபராதம் போடுவார். அப்படியானால் கன்றாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவதுதானே புத்திசாலித்தனம்? எண்பதுகளின் நடுவில் அந்தக் கெடுபிடி தளர்ந்தது, என் வயல் மரம் என்னுடையது என்று நடைமுறையில் ஆனது, அதன் பிறகுதான் முறை ஊர் ஊராகப் பரவியது. க்ரிஸ் ரெய், க்ரே டப்பன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய விமானப் படங்களையும் புதிய செயற்கைக்கோள் படங்களையும் வைத்துப் பார்த்தபோது மராடி, ஜிந்தர் பகுதிகளில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் பசுமை திரும்பியிருந்தது, மரங்கள் 20 கோடி அளவில். வெளியில் யாருக்கும் தெரியாமலே நடந்திருக்கிறது. தொண்ணூறுகளுக்குப் பிறகு மழை கொஞ்சம் தேறியதும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் நைஜீரியாவில் அதே மண், அதே மழை, மரம் குறைவாகவே இருந்தது. அவர்கள் விட்ட மரங்களில் முக்கியமானது காவோ, வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடும், பயிருக்கு நிழல் கட்டாது, கோடையில் தழைத்து மாட்டுக்கு நிழலும் காயும் கொடுக்கும், வேர் நைட்ரஜனும் சேர்க்கும்.

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். 2007-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் ஏற்ற 'பெரும் பச்சைச் சுவர்' திட்டம் ஆரம்பத்தில் செனகலிலிருந்து ஜிபூட்டி வரை 8000 கிலோமீட்டர் நீளம், 15 கிலோமீட்டர் அகலத்துக்கு மர வரிசை என்பதுதான். அல்ஜீரியா எழுபதுகளில் ராணுவத்தை வைத்து வடக்கு விளிம்பில் இதே மாதிரி 'பச்சை அணை' போட்டுப் பார்த்தது, ஒரே வகைப் பைன் மரம், கம்பளிப்பூச்சி வந்து தின்றது, பெரும்பகுதி நிலைக்கவில்லை. ஊர் இல்லாத இடத்தில் நட்ட கன்றுக்கு இரண்டாவது கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவார்? நல்லவேளையாகச் சுவர்த் திட்டமும் பின்னர் வரிசையை விட்டுவிட்டு ஊர் ஊராக நிலத்தை மீட்பது என்று மாறிக்கொண்டது, பெயர் மட்டும் சுவராகவே நிற்கிறது. 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் என்பது இலக்கு, 2020-இல் ஐ.நா. எடுத்த கணக்கில் திட்டப் பகுதிக்குள் மீட்டது 40 லட்சம். 2021-இல் 1400 கோடி டாலருக்கு மேல் தருவதாக உலக நாடுகள் அறிவித்தன. புர்கினா ஃபாசோவில் ஆயுதக் குழுக்களுக்குப் பயந்து 20 லட்சம் பேருக்கு மேல் ஊரை விட்டுப் போயிருக்கிற நிலையில் பணம் இருந்தாலும் குழி தோண்ட ஆள் எங்கே?

நம் நாட்டுக் கணக்கையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், இஸ்ரோ 2018-19 வரைபடத்தில் இந்தியாவின் 29.77 சதவீத நிலம் இப்படி வளம் கெட்டது என்கிறது, நாட்டின் மொத்த நிலத்தில் காற்று அரித்தது 5.46 சதவீதம், தண்ணீர் அரித்தது அதற்கு இரண்டு மடங்கு, 11.01 சதவீதம். இங்கேயும் மணல் வந்து மூடுவதை விட, நிற்க வேண்டிய மழைத் தண்ணீர் மேல் மண்ணோடு ஓடிவிடுவதுதான் பெரிய சேதம்.

பணம் அனுப்பலாமா? ஒரு கன்றுக்கு இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு நான் அனுப்ப மாட்டேன். இருக்கும் தூர்களைக் காப்பாற்றவும், குழியும் கல் வரிசையும் போடவும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற அமைப்பு என்றால் யோசிப்பேன், அதற்குச் செலவும் குறைவு. எதுவானாலும் முதலில் ஒரு மெயில் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: நட்டதில் மூன்றாவது கோடைக்குப் பிறகு எத்தனை உயிரோடு இருந்தது, மேய்ச்சல்காரர்களோடு என்ன பேசி வைத்திருக்கிறீர்கள், அந்த மரத்தின் கிளையை ஊர்க்காரர் வெட்டி விற்றால் அபராதம் உண்டா இல்லையா. பதிலுக்கு நன்றிக் கடிதமும் மரக்கன்று பிடித்த குழந்தையின் போட்டோவும் மட்டும் வந்தால், விட்டுவிடுங்கள்.